ஓநாய் இரத்தமும் வாலாட்டிய நரியும்



"பிறவிக் குணம் மாறாது" என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். நாயைப் பற்றியும் சொல்கிறோம், பிள்ளையைப் பற்றியும் சொல்கிறோம். முதலில் நாயின் வரலாற்றைப் பார்ப்போம்.

1930களில் நெதர்லாந்தைச் சேர்ந்த லெண்டர்ட் சார்லோஸ், அல்சேஷன் நாய்கள் பழைய வீரியத்தை இழந்துவிட்டதாகக் கருதினார். ஓர் அல்சேஷன் ஆண் நாயையும் பெண் ஓநாயையும் சேர்த்துக் குட்டிகள் எடுத்தார். ஓநாய் இரத்தம் கலந்தால் நாய் மூர்க்கமாகும் என்றுதான் நாமும் நினைப்போம். ஆனால் அந்த வழியில் வந்தவை அந்நியரைக் கண்டதும் ஒதுங்கி ஓடின. காட்டில் ஓநாயைக் காப்பாற்றுவது அதன் எச்சரிக்கைதானே! காவல் வேலைக்கு அந்த இனம் பெரிதாக உதவவில்லை.

இதன் மறுபக்கம் சைபீரியாவில் நடந்தது. ஸ்டாலின் காலத்தில் மரபியல் படிப்பதே ஆபத்து. திமித்ரி பெல்யாயெவின் அண்ணனும் ஒரு மரபியலாளர். 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படியிருந்தும் தம்பி பின்வாங்கவில்லை. 1959இல் நொவோசிபிர்ஸ்கில், லுத்மிலா த்ரூத் என்ற பெண் விஞ்ஞானியுடன் சேர்ந்து, உரோமப் பண்ணை நரிகளில் ஆய்வைத் தொடங்கினார்.

முறை எளிமையானது. கூட்டருகே மனிதன் வந்தால் கடிக்காமலும் பதுங்காமலும் இருக்கும் நரிகளை மட்டும், ஏறக்குறைய பத்தில் ஒன்றை, இனப்பெருக்கத்துக்குத் தெரிவு செய்தார்கள். பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. நான்காம் தலைமுறையில் சில குட்டிகள் மனிதரைக் கண்டு வாலாட்டின. ஆறாம் தலைமுறையில் முனகிக்கொண்டு ஓடிவந்து கையை நக்கின. இந்த நரிகளின் மூதாதையர் ஏற்கெனவே பல தலைமுறை பண்ணைகளில் வாழ்ந்தவை என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

1970 அளவில் மூர்க்கமான நரிகளை மட்டும் தெரிந்து இன்னொரு வழியும் வளர்த்தார்கள். அந்தக் குட்டிகளைச் சாதுவான தாயிடம் விட்டும் மூர்க்கம் பெரும்பாலும் மாறவில்லை.

அப்படியானால் எல்லாம் பிறப்பிலேயே முடிந்ததா? இல்லை. குட்டிப் பருவத்தில் மனிதரோடு பழகாமல், எந்நேரமும் சங்கிலியில் கிடக்கும் நாய், நல்ல இனமாக இருந்தாலும் பயந்து கடிக்கும். சூரா அல்மாயிதாவின் 4ஆம் வசனம் வேட்டைப் பிராணிகளைப் பேசும்போதும், அவற்றுக்குக் கற்றுக்கொடுப்பதைத்தான் குறிப்பிடுகிறது. ஆகவே காவலுக்கென்று "மூர்க்கமான சாதி" தேடி வாங்குவோர் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. நரியின் குணத்தை மாற்ற, ஒவ்வொரு சோடியையும் மனிதனே தெரிந்து, பத்தில் ஒன்பதை ஒதுக்கினான். எந்த மனிதக் குடும்பமும் அப்படி உருவானதில்லை. "அந்த வீட்டுப் பிள்ளை அப்படித்தான்" என்று ஆறாம் தரத்திலேயே ஒரு மாணவனுக்கு முத்திரை குத்த, இந்த வரலாற்றில் எமக்கு எந்தச் சான்றும் இல்லை.

பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது எமது பொறுப்பு. அதைச் செய்யாமல் இரத்தத்தின் மேல் பழிபோட வேண்டாம்.