அபினியும் மாத்திரையும்

திருச்சியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருவழியில், பெரம்பலூரைக் கடந்ததும் வருகிறது வாலிகண்டபுரம். அங்குள்ள வாலீசுவரர் கோயிலைக் காட்டி, வாலி வழிபட்ட இடம் என்று கதை சொல்வர். கதை இருக்கட்டும், அவ்வூரின் வரலாற்றைப் பார்ப்போம்.

1751-ஆம் ஆண்டு. திருச்சியை நோக்கிப் படை நடத்தி வந்தான் சந்தா சாகிப். அவனைத் தடுக்க, முகமது அலிக்குத் துணையாக ஆங்கிலப் படை இவ்வூர்ப் பக்கம் நின்றது. சண்டை மூண்டதும் அப்படை கலங்கிற்று. களத்தை விட்டுப் பின்வாங்கிற்று. உணவுப் பொருள் வழங்கும் பொறுப்பை ஏற்று அந்தப் படையோடு வந்திருந்தான் இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன். அவன் பெயர் ராபர்ட் கிளைவ்!

அதே ஆண்டில் ஆர்க்காட்டைப் பிடித்தான். 1757-இல் பிளாசியில் வென்றான். பிரபுப் பட்டம் பெற்றான். பொன்னும் பொருளும் குவித்தான். பள்ளிப் பாடம் இத்தோடு நின்றுவிடும். பாடம் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அந்தக் கிளைவ் வாழ்நாள் முழுதும் மனச்சோர்வால் வாடியவன். சென்னையில் எழுத்தர் வேலை பார்த்த இளமையிலேயே உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றான் என்று அவன் வரலாற்றை எழுதியோர் கூறுவர். வயிற்று வலிக்கும் மன வாட்டத்துக்கும் அவன் நாடியது அபினியை. 1774 நவம்பரில், லண்டன் மாளிகையில் அவன் மாண்டபோது, தன் முடிவைத் தானே தேடிக்கொண்டான் என்றே பலரும் கருதினர்.

நம் நாட்டைச் சூறையாடியவனுக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கிறோம். படை இருந்தது, பணம் இருந்தது, பட்டம் இருந்தது. இந்நோய்க்கு மருந்து மட்டும் இல்லை! அபினி வலியை மறைக்கும். பிறகு அளவைக் கூட்டு என்று கேட்கும். இறுதியில் ஆளையே அடிமையாக்கும். அது நோயைத் தீர்க்கும் மருந்தன்று.

அந்தச் சீமானுக்குக் கிட்டாத மருந்து, இன்று வாலிகண்டபுரத்துக் கூலித் தொழிலாளிக்குக் கிட்டும். எப்படி வந்தது அது? வேள்வியில் பிறந்ததா? வரமாக இறங்கியதா? இல்லை. 1952-இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில், காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். சோர்ந்து கிடந்தவர் எழுந்தனர், உண்டனர், உற்சாகமாக நடமாடினர். இது மனச்சோர்வுக்கு உதவுமோ என்று கேட்டனர் மருத்துவர்கள். 1957-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் குன், இமிப்ரமின் என்ற மற்றொரு மருந்தின் பயனை எடுத்துரைத்தார். இப்ரோனியாசிட் கல்லீரலைக் கெடுப்பது தெரிந்ததும் கைவிடப்பட்டது. தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்வதன்றோ அறிவியல்! பின்வந்தவற்றுள் ஃபுளூஆக்சிட்டின் முதலானவை உலக நலவாழ்வு அமைப்பின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம் பெற்றுள்ளன.

மருந்து வந்தது, மடமை போயிற்றா? பேய் என்றனர், கிரகக் கோளாறு என்றனர், முன்வினைப் பயன் என்றனர். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநோயாளர்களை அடைத்து வைத்திருந்த தனியார் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டுண்டவர்கள் ஓட வழியின்றிக் கருகினர். மாண்டோர் 28 பேர். அந்தத் தீயை மூட்டியது எதுவாயினும், அவர்தம் காலைக் கட்டியது மூடநம்பிக்கையே!

மூடநம்பிக்கையை எதிர்க்கும் நம் தோழர்களுக்கும் ஒன்று சொல்வோம். "பகுத்தறிவாளனுக்கு மாத்திரை எதற்கு? சிந்தித்தால் சோர்வு தீராதா?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. 1968-இல் அண்ணா நியூயார்க் சென்று அறுவை மருத்துவம் செய்துகொண்டார். அறிவுக் குறைவு என்றா சொன்னோம்? உணவுக் குழாயில் வந்தால் நோய், உள்ளத்தில் வந்தால் கோழைத்தனமா? சிந்திக்கும் கருவியே சோர்ந்து கிடக்கையில், சிந்தித்தே எழுந்து வா என்பது, கால் முறிந்தவனை ஓடி வந்து கட்டுப் போட்டுக்கொள் என்பது போலன்றோ!

அதற்காக மாத்திரையைப் புதுத் தெய்வமாக்கவும் வேண்டா. பருத்தியும் மக்காச்சோளமும் பொய்த்துக் கடனில் மூழ்கிய உழவனின் கடனை மாத்திரை அடைக்காது. சாதி இழைத்த அவமானத்தைத் துடைக்காது. அவற்றுக்கு மருந்து போராட்டமே. ஆனால் போராட எழுந்து நிற்க வேண்டுமே!

ஆகவே முடிவைக் காரணம் கேட்டு எடுப்போம். ஒருநாள் வருத்தம் நோயன்று. இரு வாரத்துக்கு மேலாக உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமின்றி, தன்னையே பழித்துக்கொண்டிருந்தால் மருத்துவரை நாட வேண்டும். நோய் இலேசானதெனில் மனநல ஆலோசனையே போதுமானதாகலாம். கடுமையெனில் மருந்து பெருந்துணை. மருந்து தொடங்கிய மறுநாளே பலன் தெரியாது, சில வாரமாகும். தொடக்கத்தில் குமட்டல், உறக்கக் குலைவு தோன்றலாம். முதல் மருந்தே எல்லோருக்கும் பலிப்பதில்லை, மாற்ற நேரலாம். இளைஞர்க்குத் தொடக்க வாரங்களில் சாவு எண்ணம் மிகுகிறதா என்று உடனிருப்போர் கவனிக்க வேண்டும். அபினி போல் இது ஆளை வெறிகொள்ளச் செய்யாது. எனினும் திடீரென நிறுத்தினால் உடல் தொல்லைப்படும். குணமடைந்த பின்னும் ஆறு திங்களேனும் தொடர்வது வழக்கம். நிறுத்துவதும் மருத்துவர் சொற்படிப் படிப்படியாகவே.

கேள்வி கேட்கும் உரிமையைச் சட்டமும் தந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. எந்த மருத்துவம், என்ன பயன், என்ன பக்கவிளைவு என்று அறியும் உரிமையை நோயாளிக்கு வழங்கிற்று. சாவு எண்ணம் துரத்துமாயின் அன்றே மருத்துவமனைக்குச் செல்க. 14416 என்ற அரசுத் தொலைபேசி எண் கட்டணமின்றித் தமிழிலும் செவிசாய்க்கும்.

எதையும் ஏன் என்று கேள் என்றார் பெரியார். மருந்தையும் கேள், மருந்து வேண்டா என்போரையும் கேள். விடை கிடைத்தபின் துணிந்து நட. விழுங்குவது இழிவன்று, வெட்கத்தால் மடிவதே இழப்பு!