வயலினின் தோற்றம்: பெட்டி சொல்லும் வரலாறு

வயலினைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்கு விடையாகப் பல பெயர்கள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. பிரெஷியா நகரின் காஸ்பரோ த சாலோ என்பார்கள் சிலர். கிரெமோனாவின் அந்திரேயா அமாத்தி என்பார்கள் வேறு சிலர். வில்லால் வாசிக்கும் கருவி எல்லாவற்றுக்கும் மூலம் இலங்கை வேந்தன் இராவணனின் கருவியே என்று வாதிடுவோரும் உண்டு. இவர்கள் எல்லாரிடமும் ஒரு குறை பொதுவாக இருக்கிறது. எதை வயலின் என்கிறோம் என்று வரையறுக்காமலே அதன் பிறப்பைத் தேடுகிறார்கள். ஒலி எழும் முறையை முதலில் ஆராய்ந்தால், வயலினின் தனித்தன்மை அதன் பெட்டியில்தான் இருக்கிறது என்பது தெரியவரும். அந்தப் பெட்டிக்குக் காலமும் இடமும் குறிக்க முடியும்.

வில்லில் கட்டிய குதிரை மயிரில் ரோசின் தடவியிருப்பார்கள். வில்லை இழுக்கும்போது மயிர் தந்தியைப் பற்றிப் பக்கவாட்டில் கொண்டுபோகிறது. பிறகு தந்தி பிடியிலிருந்து விடுபட்டுச் சறுக்கித் திரும்புகிறது. உடனே மறுபடி பிடிபடுகிறது. 'ஏ' தந்தியில் இது நொடிக்கு 440 முறை நடக்கிறது. அதிரும் தந்தி எந்தக் கணத்திலும் ஓரிடத்தில் மடிந்த இரு நேர்கோடுகளாகவே இருக்கிறது என்பதையும், அந்த மடிப்பு தந்தி நெடுக ஓடித் திரும்புகிறது என்பதையும் ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860களில் நுண்ணோக்கி வழியே கண்டறிந்தார். மேற்சுரங்கள் நிறைந்த ஒலி இதனால் கிடைக்கிறது. ஆனால் இதுவரை சொன்னதெல்லாம் தேங்காய்ச் சிரட்டையில் தோல் போர்த்திய ராஜஸ்தானத்து இராவணஹத்தாவுக்கும் பொருந்தும். வயலின் விலகுவது அடுத்த கட்டத்தில். தந்தி மெல்லியது, தானாகக் காற்றை அசைக்க அதனால் ஆகாது. அது தந்திகளைத் தாங்கி மேற்பலகைமேல் நிற்கும் 'குதிரை' என்னும் கட்டையை இடமும் வலமுமாக ஆட்டுகிறது. குதிரையின் ஒரு கால் அமுங்கும்போது மற்றது எழும். இரண்டும் சமமாக அசைந்தால் மேற்பலகையின் ஒரு பாதி தள்ளும் காற்றை மறுபாதி இழுத்துக்கொள்ளும், ஒலி வீணாகும். இதைத் தடுப்பது சவுண்ட் போஸ்ட் என்னும் சிறு குச்சி. மெல்லிய தந்தியின் பக்கத்துக் காலுக்குச் சற்றுப் பின்னே, மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையில், பசையே இல்லாமல் இறுக்கத்தால் மட்டும் அது நிற்கிறது. அந்தக் காலின் அசைவை அது கட்டுப்படுத்த, மறுகால் தன் கீழ் ஒட்டியிருக்கும் 'பேஸ் பார்' கட்டையோடு மேலும் கீழும் அசைகிறது. பெட்டியே மூச்சு விடுவதுபோல் காற்றைத் தள்ளுகிறது. நான்கு தந்திகளையும் ஒரே நேரத்தில் தளர்த்தியதால் அந்தக் குச்சி சாய்ந்துவிட்டால் வயலினின் குரல் மெலிந்துபோகும் என்பதை வாசிப்பவர்கள் அறிவார்கள். பெட்டிக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ 270 முதல் 280 ஹெர்ட்ஸ் வரையில் ஒத்ததிர்கிறது. 'டி' தந்தியின் 294 அதற்கு அருகில். 'ஜி' தந்தியின் 196க்கு அப்படி ஒரு துணை இல்லை. அந்தச் சுரத்தின் ஆழத்தை மேற்சுரங்களிலிருந்து நம் காதே வருவித்துக்கொள்கிறது.

இந்த அளவுகோலோடு இராவணக் கருத்தைப் பார்க்கலாம். இந்தியாவுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் சொன்னெரா எழுதியதை ஆதாரமாகக் கொண்டு, பெல்ஜிய இசை வரலாற்றாசிரியர் ஃபெத்தி 1856இல் வயலின் கைவினைஞர் ஸ்திராதிவாரி பற்றிய நூலில் இதைக் கோட்பாடாக்கினார். நமக்குப் பெருமை தருவது என்பதற்காக அதை ஏற்க முடியாது. வில்லுக்கு உறுதியான சான்றுகள் கிடைப்பது 10ஆம் நூற்றாண்டில், பைசாந்திய, இஸ்லாமிய உலகங்களிலிருந்து. அதன் வேர் மத்திய ஆசியாவில் என்பது இசை ஆய்வாளர் வெர்னர் பாக்மனின் முடிவு. வில் கிழக்கிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே வில் சாரங்கிக்கும் சீனத்து எர்ஹூவுக்கும் பொது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று எதன் தனிப் பிறப்பையும் விளக்காது.

பெட்டியின் பாகங்களுக்கு முன்னோடிகள் உண்டு. மூன்று தந்திகளை ஐந்தாம் சுர இடைவெளியில் கூட்டுவது ரெபெக் என்னும் பழைய வில்கருவியிலிருந்து வந்தது. பக்கச் சுவர்களைத் தனியே வளைத்து ஒட்டுவது இடைக்கால ஃபிடிலில் இருந்தது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் லிரா த பிராச்சோ என்னும் வில்கருவி தோளில் ஏறிவிட்டது. இவை கூடிய இடம் வட இத்தாலி. கௌதென்சியோ ஃபெராரி 1529-30இல் வெர்செல்லி தேவாலயத்துக்கு வரைந்த ஓவியத்தில் ஒரு குழந்தை மூன்று தந்தி வயலினை வாசிக்கிறது. 1535-36இல் அவரே சரோன்னோ தேவாலயக் குவிமாடத்தில் தீட்டிய தேவதூதர் கூட்டத்தில் வயலின் குடும்பத்தின் சிறிய, பெரிய கருவிகள் இருக்கின்றன. காஸ்பரோ பிறந்ததோ 1540களின் தொடக்கத்தை ஒட்டித்தான். அவருடைய உரிமை இங்கேயே முடிந்துபோகிறது. ஓவியனின் கற்பனையைச் சான்றாகக் கொள்ளலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்; பெட்டிக்குள் நிற்கும் குச்சியை எந்த ஓவியமும் காட்டாது. ஆனால் ஓவியம் தனியாக நிற்கவில்லை. சவோய் அரசின் 1523ஆம் ஆண்டுக் கணக்கில் வெர்செல்லியின் வயலின்காரர்களுக்குக் கொடுத்த பணம் பதிவாகியிருக்கிறது. 1556இல் லியோனில் வெளியான ஜாம்ப் த ஃபேரின் நூல், ஐந்தாம் இடைவெளியில் கூட்டிய நான்கு தந்தி வயலினை விவரிக்கிறது. அது நடனத்துக்கு வாசித்துப் பிழைப்போரின் கருவி என்றும், கனவான்கள் வயோல் என்னும் வேறொரு வில்கருவியை விரும்பினர் என்றும் அவர் எழுதுவதில் அக்காலச் சமூகமே தெரிகிறது. 1560களில் பிரான்சின் ஒன்பதாம் சார்லஸ் அரசவைக்கு அமாத்தி செய்த கருவிகளில் சில இன்றும் இருக்கின்றன.

வடிவம் அத்தோடு நின்றுவிடவில்லை. மேற்பலகையின் ஒலித்துளைகளை அளந்து எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட கட்டுரை, அமாத்தி காலத்திலிருந்து பிற்காலக் கைவினைஞர் குவார்னேரி காலம்வரை அவை நீண்டுகொண்டே வந்ததைக் காட்டுகிறது. காற்று துளையின் விளிம்போரமாகவே விரைவதால், நீளும் விளிம்பு ஒலியைப் பெருக்குகிறது. கணக்குப் போட்டா செய்தார்கள்? நகலெடுக்கும்போது நேர்ந்த சிறு பிசகுகளில் நன்றாக ஒலித்தவற்றைப் பட்டறைகள் தக்கவைத்தன என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 1800ஐ ஒட்டிக் கழுத்து நீண்டு சாய்ந்தது, பேஸ் பார் கனத்தது. இன்று மேடையேறும் ஸ்திராதிவாரிகளில் பெரும்பாலானவை இப்படித் திருத்தப்பட்டவை. இத்தனை மாறிய பிறகும் அது அதே கருவியா என்ற மறுப்புக்குத் தமிழகத்திலேயே விடை இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இங்கே சுருதி ஸ-ப-ஸ-ப ஆயிற்று. நின்று வாசித்த கருவி, தரையில் அமர்ந்தவரின் பாதத்தில் ஊன்றியது. மெட்டில்லாத விரற்பலகை கமகத்துக்கு இடம் கொடுத்தது. வாசிப்பு முறை அடியோடு மாறியும் பெட்டியில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஆகவே வயலினைக் கண்டுபிடித்தவர் என்று காஸ்பரோவைக் குறிப்பிடுவதை நிறுத்திவிடலாம். அமாத்தியின் பெயர் இருக்கட்டும். வடிவத்தை நிலைநிறுத்தியவர் என்ற இடம் அவருக்குப் போதும்.