தேன் கலந்த ஊன்

கிறிஸ்து பிறப்பு விழா அணுகும் நாள்களில் நம் இல்லங்களில் எழும் பேச்சுகளுள் விருந்தைப் பற்றிய பேச்சுக்கே முதலிடம். சிற்றூர்களில் அதிரசமும் முறுக்கும் சுடப்படுகின்றன. நகரங்களில் கேக்குக்கு உலர்பழங்கள் ஊறுகின்றன. ஆங்கிலோ-இந்தியச் சகோதரர் இல்லங்களிலும், அவர்களோடு பழகிய தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றிலும், ‘ஹாம்’ எனப்படும் பன்றித் தொடை மேசையின் நடுவே வீற்றிருக்கும். உப்பில் பதமாகி, சர்க்கரைப் பாகு பூசி, கிராம்பு பதித்து, செம்பொன் நிறமாகச் சுட்டெடுத்த தொடை அது. இதைக் கண்டு முகம் சுளிப்போரும் நம்மிடையே உண்டு. “வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற பழக்கம்” என்பர் சிலர். “இதனால்தானே நம்மை இழிவாக நினைக்கிறார்கள்” என்பர் வேறு சிலர். இவ்விரு கூற்றுகளிலும் எவ்வளவு உண்மை உண்டு என்பதைத் திருத்தணிகையின் அடிவாரத்தில் நின்று காண முயல்வோம். முருகன் சினம் தணிந்து அமர்ந்ததாகச் சொல்லப்படும் மலையினருகே ஊனைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று வாசகர் ஐயுறலாம். பொருந்தும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

திருத்தணிகைக் கோயிலுக்கு ஏறும் படிகள் 365. ஆண்டின் நாளுக்கு ஒன்று என்பது மரபு. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 அன்று அப்படிகளுக்கு விளக்கேற்றி, படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறுகின்றனர். இத்திருப்படி விழா பழமையானதன்று. வள்ளிமலைச் சுவாமிகள் எனப்பட்ட சச்சிதானந்தர் 1917-இல் தொடங்கிவைத்தது. அதன் காரணம் நம் பொருளுக்கு நெருக்கமானது. ஆங்கிலப் புத்தாண்டு நாளில் ஊர்ப் பெரியவர்கள் வெள்ளை அதிகாரிகளின் இல்லங்களுக்குச் சென்று, பழமும் மாலையும் ஏந்திக் காத்துநிற்பதைக் கண்டு அவர் வருந்தினார். துரைமாருக்கு முன் தணிகைத் துரைக்கு வாழ்த்துச் சொல்லுங்கள் என்று மக்களை மலைக்குத் திருப்பினார். இத்துறவி முன்னாளில் மைசூர் அரண்மனையில் சமையல் பணி செய்தவர் என்பதும் நினைக்கத்தக்கது. யார் வாயிலில் யார் தட்டேந்தி நிற்பது என்பது அடுக்களையில் நின்றவருக்கு விளங்காதா?

அன்று துரைமாரின் இல்லங்களுக்குச் சென்ற கூடைக்கு ‘டாலி’ என்று பெயர். கிறிஸ்து பிறப்புக்கும் புத்தாண்டுக்கும் பழம், இனிப்பு, முந்திரி, சில வேளை மதுப்புட்டிகூட அதில் அடுக்கப்பட்டு, குமாஸ்தாக்களும் ஒப்பந்தக்காரர்களும் ஜமீன் ஆட்களும் கொண்டுசெல்வர். கூடை முன்வாயிலோடு நின்றது. உள்ளே மேசையில் இருந்ததோ ஹாம். பெத்லகேமில் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டவரின் பிறந்தநாள், அதிகாரத்தின் வாயிலில் காணிக்கை செலுத்தும் நாளாக இந்நாட்டில் மாறிவிட்டதைச் சைவத் துறவி ஒருவர் கண்டு வருந்தினார் என்பது நமக்குச் சற்றே கூச்சம் தருகிறது.

இனி அந்த மேசைக்கு வருவோம். குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்குமுன் கொழுத்த பன்றியை நவம்பரில் அறுப்பது வழக்கம். பனிக்காலம் முழுவதும் அதற்குத் தீவனம் இடுவது இயலாது. அறுத்த தொடையை உப்பு, சர்க்கரை, சிறிதளவு வெடியுப்பு ஆகியவற்றில் வாரக்கணக்கில் ஊறவைப்பர். வெடியுப்புதான் இறைச்சிக்கு அந்த இளஞ்சிவப்பைத் தருவது. நச்சுக்கிருமிகளைத் தடுப்பதும் அதுவே. அந்த வெடியுப்பைப் பெருமளவில் கப்பலேற்றியது பீகார் நாடு என்பதும், அதுவே பீரங்கி மருந்துக்கும் மூலப்பொருள் என்பதும் வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. ஊறிய தொடை டிசம்பர் இறுதிக்குள் பதமாகிவிடும். அக்காலத்தில் கிறிஸ்து பிறப்பின் முந்திய நாள் நோன்பும் ஊன் மறுப்பும் உரிய நாள். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் அவ்வாறே விதிக்கப்பட்டிருந்தது. ஆகவே நள்ளிரவுத் திருப்பலிக்குப்பின் வரும் இறைச்சி வெறும் ஆடம்பரமன்று, நோன்பு முறிக்கும் உணவு. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு விதிகளைத் தளர்த்தியபின் நம் தலைமுறைக்கு அந்தப் பசி தெரியாமற் போயிற்று. விருந்து மட்டும் எஞ்சியது.

தொண்டை நாட்டு வெயிலில் இம்முறை செல்லுபடியாகாது. உப்பு எலும்புவரை இறங்குமுன் எலும்பை ஒட்டிய சதை கெட்டுவிடும். அதைத் தடுக்கப் பனிக்கட்டியை ஒத்த குளிர் வேண்டும். சென்னைக் கடற்கரையில் 1842-இல் அமெரிக்கப் பனிக்கட்டிக்கென்றே ஒரு கட்டடம் எழுந்தது. இன்றைய விவேகானந்தர் இல்லம் அதுவே. எனினும் வெள்ளையர் பெரும்பாலும் இங்கிலாந்தில் பதமான தொடையையே துணியில் தைத்தோ தகரத்தில் அடைத்தோ வரவழைத்தனர். வந்துசேர்ந்த தொடை உப்புக் கட்டியாக இருக்கும். அதை ஓர் இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி, கிலோவுக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் என்ற கணக்கில் கொதிக்கவிடாமல் மெல்ல வேகவைக்க வேண்டும். வெந்தபின் தோலை உரித்து, கொழுப்பின்மேல் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, கட்டத்துக்கு ஒரு கிராம்பு பதித்து, சர்க்கரையையும் கடுகுப் பொடியையும் பழச்சாற்றில் குழைத்துப் பூசுவர். பின்னர் கடும் வெப்பத்தில் அரை மணி நேரத்துக்குள் சுட்டெடுப்பர். சற்றுத் தாமதித்தால் பாகு கருகிக் கசந்துவிடும். அடுப்புகளில் வெப்பமானி ஏது? பாத்திரத்தின் அடியில் கரி, மூடியின்மேல் கரி. எது எப்போது வேண்டும் என்று அறிந்திருந்தது சமையற்காரரின் கையும் மூக்குமே.

அச்சமையற்காரர் யார்? மாட்டையும் பன்றியையும் தொட மறுக்காத மக்கள். ஊரால் ஒதுக்கப்பட்ட சேரிகளிலிருந்து வந்தோர் பலர். அவர்களுள் நம் மறையினரும் பலர். கர்னல் கென்னி-ஹெர்பர்ட் என்பவர் 1878-இல் சென்னைக்கென்றே ஒரு சமையல் நூல் எழுதினார். தகர உணவையே நம்பும் துரைசானிமாரை அதில் கண்டித்து, இந்நாட்டுச் சமையற்காரரின் திறமையையும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அச்சமையற்காரருக்கு அவர் இடும் பெயர் ‘இராமசாமி’. எல்லாருக்கும் அதுவே பெயர். ஆயிரம் கைகளுக்கு ஒரே பெயரை இட்டுவிட்டால் நன்றி சொல்லும் வேலை எளிதாகிவிடும் போலும்.

இவ்வுணவு திருத்தணிகைப் பக்கம் வந்தது இருப்புப்பாதையோடு. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை முதல் வண்டி அரக்கோணம் வழியாகவே ஓடியது. அரக்கோணத்தில் பிரிந்து திருத்தணி வழியாக வடமேற்கே சென்ற பாதை 1871-இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. எஞ்சின் ஓட்டுநரும் கார்டுமாக ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் அரக்கோணத்தில் குடியேறின. மலைக்கோயிலுக்கும் இரயில்வே குடியிருப்புக்கும் இடையே ஏறத்தாழ 13 கி.மீ. தொலைவுதான். அக்குடும்பங்களின் வருவாய் துரைமாரின் வருவாய் அன்று. சீமைத் தொடைக்கு மாற்றாக உள்ளூர்ப் பன்றியிறைச்சியைச் சுட்டனர். எலுமிச்சையும் உப்பும் தேய்த்து ஊறவைத்த இறைச்சியைப் பண்டிகைக்குப் படைத்தனர். சர்க்கரை இல்லாதபோது வெல்லம். இம்மாற்றத்தை நாம் குறைவாக எண்ணவில்லை. அன்னிய உணவு இந்நாட்டு உணவாகத் தொடங்கியது அங்கேதான்.

அது முற்றிலும் அன்னியமாக இருந்ததா என்பதே ஐயத்துக்குரியது. பாகின் இனிப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியர் வெல்லத்துக்கு வழங்கும் ‘ஜாகரி’ என்னும் சொல் மலையாளச் சக்கரையிலிருந்து போர்த்துக்கீசியர் வாய்வழிப் போனது. பன்றிக்கும் நம் இலக்கியத்தில் இடமுண்டு. பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் ஆண் பன்றியைப் பெட்டையோடு சேரவிடாது குழியில் நிறுத்தி, நெல்மாவை ஊட்டிப் பல நாள் கொழுக்கவைத்து, அதன் கொழுவிய தசையைக் கள்ளோடு விருந்தினருக்கு அளிக்கும் குடிகளைப் புலவர் காட்டுகிறார். ஆங்கிலேயர் நாட்டுப் பண்ணையார் ஒருவர் இதைப் படித்தால் தம் ஊர் முறை என்றே எண்ணுவார்! இது நடந்தது திருத்தணிகை அடங்கிய தொண்டை நாட்டில்.

திருத்தணிகைக்கு வடக்கே திருக்காளத்தி. 1960 வரை இரண்டும் சித்தூர் மாவட்டத்திலேயே இருந்தன. அங்கு நடந்ததாகச் சேக்கிழார் பாடும் கண்ணப்பர் வரலாற்றை அறியாத தமிழர் இலர். வேடர் குலத் திண்ணனார் பன்றியை வேட்டையாடி, தீயில் வாட்டி, பதம் பார்த்துச் சுவைத்து, நல்லதை மட்டும் தேர்ந்து இறைவனுக்குப் படைக்கிறார். அடுத்தடுத்த நாள்களில் அவ்வூனில் தேனையும் பிழிந்து கலக்கிறார். தேன் கலந்து சுட்ட பன்றியிறைச்சி! மேலைநாட்டுப் பண்டிகை மேசையில் நாம் காணும் உணவுக்கு இதைவிட நெருங்கிய உறவு எது? ஆகம நெறி நின்ற சிவகோசரியார் அதைக் கண்டு பதறுகிறார். இறைவனோ அன்பின் சுவையை அவருக்கு உணர்த்துகிறார். யோப்பா நகரில் புனித பேதுரு கண்ட காட்சியை, விண்ணிலிருந்து இறங்கிய விரிப்பையும் அதிலிருந்த உயிரினங்களையும் ஒட்டி எழுந்த வாக்குவாதத்தை, இங்கே நினையாதிருக்க முடியவில்லை. பேதுருவுக்கு அங்கே கற்பிக்கப்பட்டது உணவைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது என்பதைத் திருத்தூதர் பணிகள் நூலே தெளிவாக்குகிறது.

அப்படியானால் நம்மிடையே கூச்சம் எங்கிருந்து வந்தது? போர்த்துக்கீசியர் நாட்டில் பன்றியிறைச்சி உண்ண மறுப்பவர் மறைவில் யூதரோ முஸ்லிமோ என்று விசாரணை மன்றத்தின் ஐயத்துக்கு ஆளாயினர். உணவே விசுவாசத்தின் சான்றாக்கப்பட்டது. அம்மனநிலையோடு வந்தவர்களைத் தமிழர் ‘பரங்கியர்’ என்றனர். ஊனும் மதுவும் பரங்கி மார்க்கத்தின் அடையாளங்கள் ஆயின. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தே நொபிலி இத்தடையைக் கண்டார். ஊன், மீன், முட்டை, மது அனைத்தையும் துறந்து, சோறும் காய்கறியும் பாலும் கொண்டு துறவியாய் வாழ்ந்தார். புனித அருளானந்தரும் அவ்வழி நின்றார். 1700-களின் தொடக்கத்தில் கர்நாடக மறைப்பணியைத் தொடங்கிய பிரெஞ்சு இயேசு சபையாரும் அவ்வாறே. அவர்தம் பணித்தளங்களுள் ஒன்று தக்கோலம். அது அரக்கோணத்துக்கு அருகிலேயே உள்ளது. தன் உணவு சகோதரனுக்கு இடறலாகுமாயின் இறைச்சியையே தொடமாட்டேன் என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுலடியாரின் மனம் அவர்களிடம் இருந்தது. அத்துறவை நாம் வணங்குகிறோம். ஆயினும் அதன் நிழலும் நீண்டது. மறைபரப்புவோர் ஊனை விட்டதால் மேற்குலத்தார் கோயிலுக்குள் வந்தனர். ஊனுண்ட எளியோர் அதே கோயிலில் தாழ்ந்தோராகவே நின்றனர். துறவிகளிலேயே மேற்குலத்தாருக்கு ஒரு பிரிவு, பிறருக்குப் பண்டாரசாமிகள் என மற்றொரு பிரிவு ஏற்பட்டது. உணவில் காட்டிய பணிவு, உண்பவரைத் தரம் பிரிக்கும் அளவுகோலாகவும் ஆகிவிட்டது. இதைச் சொல்வது அப்பெரியோரைக் குறைகூறுவதாகாது. பின்வந்தோராகிய நாம் அளவுகோலை மட்டும் பிடித்துக்கொண்டதைச் சொல்வதே ஆகும்.

பன்றியைத் தின்றவரைவிட வளர்த்தவருக்கு நேர்ந்தது கொடிது. திருத்தணிகையில் முருகன் மணந்ததாகப் போற்றப்படும் வள்ளி குறமகள். கிழவராய் வந்து அவளிடம் தேனும் தினைமாவும் கேட்டான் என்பது கதை. இன்றும் அவை அவனுக்கு விருப்பப் படையல். அக்குறவரின் பெயரைத் தாங்கிய மக்கள் பன்றி மேய்த்தும், கூடை முடைந்தும், உப்பும் தானியமும் பொதிமாட்டில் ஏற்றியும் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் அலைந்து வாழ்ந்தனர். தெலுங்கில் அவர்கள் எருகலர். இருவரும் ஒரே மக்களின் கிளைகள் என்றே இனவரைவியலார் எழுதினர். பொதிமாட்டு வாணிகத்தை நலியவைத்ததில் இருப்புப்பாதைக்கும் பங்கு உண்டு. அரக்கோணத்து மேசைக்கு ஹாமைக் கொண்டுவந்த அதே பாதைதான். வாழ்வு இழந்தோர் சந்தேகத்துக்கு ஆளாயினர். 1871-இல் வடக்கே பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் பலரும் பிறப்பினாலேயே குற்றவாளிகள் எனப் பதிவாயினர். ஊர்விட்டு ஊர் போக அனுமதி, இரவில் காவல் நிலையத்தில் ஆஜர் என்ற நிலை. மலைமேல் வள்ளிக்குத் திருமணம் நடந்தது. மலைக்குக் கீழே அவள் குலத்தார் விரல்ரேகை பதித்தனர். சென்னையில் அச்சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952-இல்.

விடுதலைக்குப்பின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறின. அவர்கள் வழி வந்த சமையல் குறிப்புகள் நம் இல்லங்கள் சிலவற்றில் தங்கிவிட்டன. இன்று குளிர்பதனப் பெட்டி இருப்பதால் தொடையை வீட்டிலேயே ஊறவைக்கவும் முடிகிறது. உண்ண விரும்புவோர் உண்ணட்டும். விரும்பாதோர் அதிரசத்தோடு நிறைவடையட்டும். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் அளக்க வேண்டியதில்லை. நாம் கேட்க விரும்புவது வேறொன்று: பன்றி வளர்ப்பவரின் வீட்டில் நம்மில் எத்தனை பேர் ஒரு குவளை நீர் அருந்தியிருக்கிறோம்?

1960 ஏப்ரல் 1 அன்று, பல்லாண்டு எல்லைப் போராட்டத்தின் பயனாகத் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தமிழர் மகிழ்ந்தனர், அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் பன்றிகளோடு அந்தக் குன்றுகளின் இருபுறமும் திரிந்த மக்கள் நடுவிலும் அக்கோடு சென்றது. அக்கோட்டுக்கு வடக்கே எருகலர் பழங்குடியினர் பட்டியலில் உள்ளனர். தெற்கே குறவர் பட்டியல் சாதியிலும், அவர்தம் கிளைகள் சில சீர்மரபினர் பட்டியலிலுமாகப் பிரிந்து நிற்கின்றனர்.