நீரிணையால் வாழ்ந்த நகரம்: கோபன்ஹேகன்

கோபன்ஹேகன் என்ற பெயருக்கு டேனிஷ் மொழியில் வணிகர் துறைமுகம் என்று பொருள். பால்டிக் கடலிலிருந்து வட கடலுக்குச் செல்லும் வழியில் ஓரெசுண்ட் நீரிணையின் மேற்குக் கரையில் அமைந்த இவ்வூர், 12-ஆம் நூற்றாண்டில் ஹெரிங் மீன் விற்கும் சிறு துறையாக இருந்தது. பிஷப் அப்சலோன் 1167 வாக்கில் இங்கே கோட்டை எழுப்பினார். இறைச்சி விலக்கிய விரத நாள்கள் மிகுந்த கத்தோலிக்க ஐரோப்பாவில் உப்பிட்ட ஹெரிங்குக்கு எப்போதும் கிராக்கி. ஆனால் உப்பும் கப்பலும் வைத்திருந்த ஜெர்மன் ஹன்சா வணிகக் கூட்டணி நகரங்களுக்கே லாபம் போயிற்று. எதிரே ஒரு டேனிஷ் துறை வளர்வதை அந்நகரங்கள் விரும்பவில்லை. 1369-ல் அப்சலோனின் கோட்டையை இடித்துத் தள்ளின.

மீன் தராத செல்வத்தைக் கடல்வழி தந்தது. 1429-ல் மன்னர் எரிக், நீரிணையைக் கடக்கும் கப்பல்களுக்குச் சுங்கம் விதித்தார். கோபன்ஹேகனுக்கு வடக்கே, நீரிணை சுமார் 4 கிலோமீட்டராகக் குறுகும் ஹெல்சிங்கோரில் கப்பல்கள் நின்று பணம் கட்டியாக வேண்டியிருந்தது. கிழக்கிலிருந்து ரை தானியம், மரம், தார், சணல் வந்தன. மேற்கிலிருந்து உப்பும் மதுவும் துணியும் போயின. தொடக்கத்தில் கப்பலுக்கு இவ்வளவு என்றிருந்த வரி, 1567 முதல் சரக்குக்கும் ஏற்றபடி விதிக்கப்பட்டது. மதிப்பைக் குறைத்துச் சொல்லும் மாலுமிகளை மடக்க எளிய ஏற்பாடு ஒன்று இருந்தது: அவர்கள் சொன்ன விலைக்கே மன்னர் சரக்கை வாங்கிக்கொள்ளலாம். பொய்க்கணக்குக்கு இதைவிட மலிவான மருந்து கிடைப்பது அரிது.

இந்தப் பணம் பிரபுக்கள் சபையின் கைக்குப் போகாமல் நேரே மன்னரின் பெட்டிக்குச் சென்றது. 15-ஆம் நூற்றாண்டில் தலைநகரான கோபன்ஹேகனின் பொருளாதாரத்தை வடித்தது இதுதான். நகரின் பெரிய வாடிக்கையாளர் சந்தையில் இல்லை, அரண்மனையில் இருந்தார். கடற்படைக்குக் கப்பல் கட்டுவோர், கயிறு திரிப்போர், பீரங்கி வார்ப்போர், படைக்கு ரொட்டி சுடுவோர் எல்லாரும் அரசுச் செலவை நம்பிப் பிழைத்தனர்.

நான்காம் கிறிஸ்டியான் (ஆட்சி 1588–1648) இந்த வருமானத்தைக் கொண்டு நகரை வணிகத் தலைநகராக்க முனைந்தார். ஆம்ஸ்டர்டாமைப் பார்த்து, கால்வாய்கள் கொண்ட கிறிஸ்டியான்ஸ்ஹாவன் பகுதியை உருவாக்கினார். பின்னிப் பிணைந்த டிராகன் வால்களைக் கோபுரமாகக் கொண்ட வணிகர் மாளிகையைக் கட்டினார். 1616-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமை அளித்தார். அதன் கப்பல்கள் 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றன. ஆசை பெரிது, முதல் சிறிது. 1640-க்குப் பின் ஏறக்குறைய 30 ஆண்டுகள் கோபன்ஹேகனிலிருந்து ஒரு கப்பல்கூட தரங்கம்பாடிக்குப் போகவில்லை. அங்கிருந்த டேனியர்கள் வங்கக் கடலில் உள்ளூர் வணிகம் செய்தும், வங்காளக் கப்பல்களைப் பிடித்தும் காலம் தள்ளினர்.

நகர வணிகர்களின் நல்ல காலம் 18-ஆம் நூற்றாண்டில் வந்தது. 1732-ல் தொடங்கிய ஆசியக் கம்பெனி சீனாவின் கான்டனிலிருந்து தேயிலை கொண்டுவந்தது. அதில் பெரும்பகுதி டென்மார்க்கில் குடிக்கப்படவில்லை. பிரிட்டனில் தேயிலை வரி கடுமையாக இருந்ததால் கள்ளத்தனமாக அங்கே போய்ச் சேர்ந்தது. 1784-ல் பிரிட்டன் அந்த வரியைக் குறைத்ததும் அந்த ஆதாயம் சரிந்தது. அதைவிடப் பெரிய சரக்கு நடுநிலைமை. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதுபோல, பிரிட்டனும் பிரான்சும் ஹாலந்தும் மோதியபோதெல்லாம் டேனிஷ் கொடிக்கு மதிப்பு ஏறியது. அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் அது உச்சம் தொட்டது. வங்காளத்தில் பணம் குவித்த ஆங்கிலக் கம்பெனி ஊழியர்களும், அதை ஐரோப்பாவுக்கு அனுப்ப டேனிஷ் கப்பல்களை நாடினர். விவசாயி மகனான நீல்ஸ் ரைபர்க் போன்றோர் பெருஞ்செல்வர் ஆனது இந்தக் காலத்தில்தான்.

இந்தச் செல்வத்தின் இன்னொரு பக்கம் சர்க்கரை. 1733-ல் பிரான்சிடம் வாங்கிய செயின்ட் குரோய் உள்ளிட்ட கரீபியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டிய கரும்பின் சர்க்கரை, கோபன்ஹேகன் ஆலைகளில் சுத்திகரிக்கப்பட்டது. அடிமை வணிகத்தைத் தடுக்கும் ஆணை 1792-ல் வந்தாலும் நடைமுறைக்கு வந்தது 1803-ல். தீவுகளில் அடிமைமுறை 1848 வரை நீடித்தது.

பிறர் போரில் ஈட்டிய பணம் தன் போரில் கரைந்தது. 1807 செப்டம்பரில், டேனிஷ் கடற்படை நெப்போலியன் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய பிரிட்டிஷ் படை நகரைக் குண்டுவீசி எரித்து, கடற்படை முழுவதையும் இழுத்துச் சென்றது. போர்ச் செலவுக்கு அரசு நோட்டு அச்சடித்துத் தள்ள, 1813-ல் நாடே திவாலானது. அடுத்த ஆண்டு, அதுவரை டேனிஷ் மன்னரின் கீழிருந்த நார்வேயும் கைவிட்டுப் போனது. பெருவணிகம் ஹாம்பர்க் நகருக்கு நகர்ந்தது. 1845-ல் தரங்கம்பாடியும் வங்காளத்தின் டேனிஷ் குடியிருப்பான செராம்பூரும் பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. அமெரிக்கா இனிக் கட்டமாட்டோம் என்று மறுத்ததையொட்டி, 1857-ல் ஓரெசுண்ட் சுங்கமும் ஒழிந்தது. கடல் வணிக நாடுகள் அதற்கு ஈடாக ஒரு தொகை கொடுத்துத் தீர்த்தன.

நகரம் பிழைக்க வேறு வழி தேடியது. பழைய மதிலுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெருங்கிக் கிடந்தனர். 1853-ல் காலரா வந்து சுமார் 4,700 பேர் இறந்தபின் மதிலைத் தாண்டிக் குடியேற்றம் வேகம் பெற்றது. மதிலுக்கு வெளியே வால்பி குன்றில் ஜே.சி. ஜேக்கப்சன் 1847-லேயே கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையைத் தொடங்கியிருந்தார். கைவினைச் சங்கங்களின் தனியுரிமை 1862-ல் முடிவுக்கு வந்தது. நகருக்கு வெளியிலும் மாற்றம் வந்தது: 1870-களில் தானிய விலை விழ, டேனிஷ் விவசாயிகள் வெண்ணெய்க்கும் பன்றி இறைச்சிக்கும் மாறினர். பால்டிக்கையும் வட கடலையும் இணைக்க ஜெர்மனி வெட்டிய கீல் கால்வாய் கப்பல்களைத் திசைதிருப்பிவிடும் என்ற அச்சத்தில், அது திறப்பதற்கு முந்தைய ஆண்டான 1894-ல் கோபன்ஹேகன் சுங்கமில்லாத் துறைமுகத்தைத் திறந்தது. வரி வாங்கி வளர்ந்த நகரம், வரியைத் தள்ளுபடி செய்து கப்பல்களை அழைத்தது. 1912-ல் பர்மைஸ்டர் அண்டு வைன் கப்பல் கட்டும் தளத்திலிருந்து, பெருங்கடல் கடக்கும் முதல் பெரிய டீசல் கப்பல்களில் ஒன்றான செலாண்டியா பாங்காக் நோக்கிப் புறப்பட்டது.