பேனா முள்

ஜன்னல், சாவி, மேசை, அலமாரி. போர்த்துக்கீசியரோடு வந்து நம் வீட்டுச் சொற்களாகவே ஆகிவிட்ட இந்த வரிசையில்தான் பேனாவும் வந்தது. அந்த மொழியில் பேனா என்றால் பறவையின் இறகு. அதற்குத் தாய் ‘பென்னா’ என்ற லத்தீன் சொல்; அதற்கும் இறகு என்றே பொருள். ஐரோப்பாவில் அன்று வாத்து, அன்னம் ஆகியவற்றின் சிறகிலிருந்து எடுத்த இறகைச் சீவி, மையில் தோய்த்து எழுதினார்கள். கப்பலில் வந்தவர்கள் கையில் இருந்ததும் அதுதான். பொருளைப் பார்த்த நம்மவர் பெயரையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். ஈழத்தமிழர் அதைப் பேனை என்பார்கள், மலையாளத்தில் பேன, மலாய் மொழியிலும் இந்தோனேசியத்திலும் பேனாவேதான்.

சொல்லைக் கொடுத்தவர்கள் அதைக் கைவிட்டதுதான் இதில் வியப்பு. இன்றைய போர்த்துக்கீசியர் எழுதுகருவியை ‘கனேட்டா’ என்கிறார்கள். சிறு நாணல் என்று பொருள். ‘பேனா’வை அவர்கள் மறுபடியும் பறவையிடமே ஒப்படைத்துவிட்டார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் அது எழுதிக்கொண்டே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இறகால் எழுதிய காலம் நீண்டதில்லை. ஆனால் அதன் தடயம் ஒன்று நம் சட்டைப் பையிலேயே கிடந்தது. மடக்கக்கூடிய சிறு கத்தியைப் பேனாக்கத்தி என்கிறோம். மாங்காய் நறுக்கவும் பென்சில் சீவவும் பயன்பட்ட கத்திக்குப் பேனாவோடு என்ன உறவு? இறகின் முனை எழுத எழுத மழுங்கும். அதை அடிக்கடி சீவி, நடுவில் கீறிப் பிளவு வைக்க வேண்டும். அதற்கென்று எழுத்தர்கள் வைத்திருந்த சிறு கத்திக்கு இடப்பட்ட பெயர் அது. இறகு போய், இரும்பு நிப்பு வந்து, அதுவும் போய் பந்துமுனைப் பேனா வந்த பிறகும் கத்தி தன் பழைய வேலையின் பெயரை விடவில்லை.

பென்னாவின் வேரைத் தோண்டினால் ‘பறத்தல்’ என்ற பொருளுள்ள மிகப் பழைய இந்தோ-ஐரோப்பிய அடிச்சொல் கிடைக்கிறது. சமஸ்கிருதத்தில் சிறகையும் இலையையும் குறிக்கும் ‘பத்ர’ அதே வேரில் முளைத்தது. பத்திரம், பத்திரிகை எல்லாம் அதன் வழி வந்தவை. ஆக, பேனாவும் பத்திரிகையும் வெகுதூரத்துச் சொந்தக்காரர்கள். பேனாவுக்குப் பக்கத்திலேயே கிடக்கும் பென்சிலுக்குத்தான் இந்த உறவு இல்லை. அது ‘சிறு வால்’ என்ற லத்தீன் சொல்லில் பிறந்தது. முதலில் ஓவியத் தூரிகைக்குப் பெயராக இருந்தது.

தனித்தமிழில் எழுதுவோர் பேனாவுக்குத் ‘தூவல்’ என்பார்கள். தூவி என்பதும் தூவல் என்பதும் இறகைக் குறிக்கும் பழஞ்சொற்கள். மலையாளத்தில் இன்றும் இறகுக்குத் தூவல்தான் அன்றாடச் சொல். தமிழில் மழைத் தூறலையும் தூவல் குறிப்பதால், மை கசியும் கருவிக்கு ஒரு கூடுதல் அழகும் சேர்கிறது. எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். ஆனாலும் அது ஐரோப்பியர் கண்ட காட்சியின் தமிழ் வடிவம்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். நம் எழுத்து வரலாற்றில் இறகு மையப் பொருளாக இருந்ததே இல்லை. ஓலையில் கீறியது எழுத்தாணி. அது மை கக்காது. வெறும் கீறல் போடும். கீறிய பிறகு ஓலை முழுக்கக் கரியையும் இலைச்சாற்றையும் கலந்து பூசித் துடைத்தால், கீறலுக்குள் கறுப்பு தங்கி எழுத்து கண்ணுக்குத் தெரியும். முதலில் எழுத்து, பிறகு மை என்பது நம் முறை. இறகோ மையையே எழுத்தாக்கியது. பேனா என்ற புதுச்சொல் நமக்குத் தேவைப்பட்டதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான் என்று நினைக்கிறேன். எழுத்தாணி என்ற பெயர் அதற்குப் பொருந்தியிருக்காது.

மையைத் தோய்த்து இழுக்கும் கோல் நம்மிடம் இல்லாமலில்லை. அது கண்ணுக்கானது. திருக்குறளின் 1285ஆம் குறளில், மை எழுதும் வேளையில் கோலைக் காண முடியாத கண் உவமையாக வருகிறது. எழுதுதல், கோல், மை மூன்றும் இமையோரத்தில் ஒன்றுசேர்ந்திருந்தன, காகிதத்துக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே. இன்று எழுதுகோல் என்றால் பேனா, மை என்றால் இங்க். இரண்டுமே அஞ்சனப் பெட்டியிலிருந்து எழுந்து மேசைக்கு வந்தவை.

மை என்பதற்கு அடிப்படைப் பொருள் கருமை. இருளும் மை, கார்மேகமும் மை. இந்தியில் ‘ஸ்யாஹி’, கன்னடத்தில் ‘ஷாயி’ என்பதெல்லாம் கறுப்பு என்ற பாரசீகச் சொல்லின் பிள்ளைகள். ஆங்கில ‘இங்க்’ வேறு வழியில் வந்தது. ‘எரித்துப் பதித்தது’ என்ற கிரேக்கச் சொல் அதன் மூலம். பைசாந்தியப் பேரரசர் கையெழுத்திடும் செந்நீல மைக்கு அந்தப் பெயர் வழங்கியது. நாம் நீல மை, சிவப்பு மை, பச்சை மை என்று சொல்லும்போது ‘நீலக் கருமை’, ‘சிவப்புக் கருமை’ என்று சொல்கிறோம். பழக்கம் சொல்லின் நிறத்தையே வெளுக்கச் செய்துவிட்டது.

பல நூற்றாண்டுகள் ஐரோப்பா எழுதியது இரும்பு மையில். ஓக் மரத்தின் இலைக்கொழுந்தில் பூச்சி துளைப்பதால் உண்டாகும் முடிச்சையும் இரும்பு உப்பையும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். கேட்கப் புதிதாக இருக்கும். ஆனால் இரண்டும் நம் நாட்டு மருந்துக் கடையில் தமிழ்ப் பெயரோடு கிடைப்பவை: மாசிக்காய், அன்னபேதி. காயின் துவர்ப்பும் இரும்பும் கூடினால் கறுக்கும். எழுதும்போது வெளிறித் தெரிவது காற்றுப் பட்டதும் ஆழ்ந்த கறுப்பாகிக் காகித இழையைப் பற்றிக்கொள்ளும். பழைய ‘ப்ளூ-பிளாக்’ மைக்கு அந்தப் பெயர் வந்ததும் இப்படித்தான். நீலச் சாயம் எழுதும் கணத்துக்கு, கறுப்பு பிற்காலத்துக்கு. இந்த வகை மை இன்றும் விற்பனையில் இருக்கிறது. நிரப்பினால் பேனாவைக் காயவிடாதீர்கள். அமிலம் இரும்பு நிப்பை அரிக்கும். தங்க நிப்பு மட்டும் அதற்கு அசைந்துகொடுக்காது. 14 காரட் தங்கத்தில் நிப்பு செய்யும் வழக்கத்துக்கு ஆடம்பரம் பிற்பாடு வந்த காரணம், அரிக்காமை முதற்காரணம்.

‘பவுண்டன்’ பேனாவை ஊற்றுப்பேனா என்று மொழிபெயர்த்தவர் யாராக இருந்தாலும் நல்ல காதுள்ளவர். உள்ளிருந்து மை ஊறிவரும் நீரூற்று ஒரு பொருள். மையை ஊற்றி நிரப்பும் பேனா என்றும் அது கேட்கும். மூலச் சொல்லில் இந்த இரண்டாம் பொருள் இல்லை. நம் ஊர்ப் பேனாக்கள் பெரும்பாலும் ஊற்றும் பேனாக்களே. கழுத்தைத் திருகிக் கழற்றி, இங்க் ஃபில்லரால் உடலுக்குள் நேரே மை ஊற்றி, மறுபடி திருகி மூடுவோம். 1930களில் ராஜமுந்திரியில் சுதேசிப் பேனா செய்யத் தொடங்கிய ரத்னம் பேனாக்கள் முதல், திருவள்ளூரில் எபோனைட் கம்பியைக் கடைந்து செய்யும் ரங்கா பேனாக்கள் வரை இந்த முறை தொடர்கிறது. எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். அந்தப் பெயரும் ‘எபோனி’யிலிருந்து, அதாவது கருங்காலி மரத்திலிருந்து வந்தது.

மையைப் பேனாவுக்குள் தேக்கும் ஆசை பழையது. ருமேனியரான பெட்ராக்கே போயினாரு 1827இல் பிரான்சில் அதற்குக் காப்புரிமை பெற்றார். தேக்குவது எளிது, அளவோடு விடுவதுதான் சிக்கல். மை வெளியேறினால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் எழுதாது, மிகுந்தால் கொட்டும். 1884இல் அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மன் காப்புரிமை பெற்ற அமைப்பில், நிப்புக்கு அடியிலிருக்கும் கட்டையில் மெல்லிய பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன. மை இறங்கவும் காற்று ஏறவும் ஒரே பாதை வழி செய்தது. இன்றைய கட்டைகள் எல்லாம் அந்தச் சிந்தனையின் வாரிசுகள்.

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது உண்மையில் ஒரே ஒரு சொல்லுக்காக. நிப்பு என்பது ‘நெப்’ என்ற பழைய ஆங்கிலச் சொல். பறவையின் அலகு என்று பொருள். உடல் இறகு, முனை அலகு. ஒரு பறவையையே கையில் பிடித்து எழுதியிருக்கிறார்கள். தமிழிலும் அலகுக்குக் கூரிய பகுதி என்ற பொருள் உண்டு. கத்திக்கும் அலகு இருக்கிறது. ஆனாலும் நம்மவர் பேனாவின் முனையைப் பார்த்து அலகு என்று சொல்லவில்லை. முள் என்றார்கள். பேனா முள். யாரும் குழு அமைத்து ஆக்கிய சொல் அல்ல அது. பள்ளிக்கூடத்திலும் கடையிலும் புழங்கி வந்த பெயர். கடிகாரத்துக்கு முள், தராசுக்கு முள், மீனுக்கு முள், பேனாவுக்கும் முள். கூர்மையாகவும் மெலிந்தும், காட்டவோ குத்தவோ செய்வது எதுவோ அது தமிழனுக்கு முள். இறகையும் அலகையும் கடனாகப் பெறாமல், தன் கண்ணால் பொருளைப் பார்த்து வைத்த பெயர் பேனாவின் உறுப்புகளில் இது ஒன்றுதான் என்பேன்.

முள்ளைப் பற்றி நம் பள்ளிப்பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஏராளம். மை வராவிட்டால் பிளேடு நுனியால் பிளவைக் கீறுவது, கரகரவென்று எழுதினால் தரையில் தேய்த்து வழவழப்பாக்குவது, பட்டையாக எழுத வேண்டுமென்றால் சாய்த்துத் தேய்ப்பது. பேனாவை இரவல் தர மறுத்தவர்கள் சொன்ன காரணமும் பொய்யில்லை. முனையில் கடின உலோகப் பொட்டு இல்லாத இரும்பு முள் எழுதுபவரின் சாய்வுக்கு ஏற்பத் தேயும். வேறு கை பட்டால் முரண்டும். நல்ல முள்ளின் நுனியில் ஆஸ்மியம், இரிடியம் போன்ற உலோகக் கலவையில் ஒரு பொட்டு ஒட்டியிருக்கும். அது பல்லாண்டு தேயாது.

பழைய முள்ளைத் தேடி மாற்றிக்கொள்ளும் பொழுதுபோக்குக்கு அடித்தளமே இந்தத் தேயாமைதான். உடல் வெடித்து, மூடி தொலைந்து போன பேனாவிலும் முள் உயிரோடு இருக்கும். அமெரிக்காவின் எஸ்டர்புரூக் நிறுவனம் முள்ளும் கட்டையும் சேர்ந்த தொகுதியைத் திருகிக் கழற்றும்படி செய்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து விற்றது. கணக்கெழுத ஒன்று, சுருக்கெழுத்துக்கு ஒன்று, வளைந்து கொடுப்பது ஒன்று. 1929இல் ஜெர்மனியில் வந்த பெலிக்கன் பேனாவிலும் முள்ளைத் திருகி எடுக்கலாம். மற்றவற்றில் பெரும்பாலும் முள்ளும் கட்டையும் இறுக்கத்தில்தான் நிற்கும். நேராகப் பிடித்து இழுத்தால் வரும். எபோனைட் கட்டையானால் வெந்நீரில் சற்று வைத்து முள்ளோடு சேர்த்து அழுத்தலாம். அதன் வளைவுக்குப் படிந்துகொள்ளும். பிளாஸ்டிக் கட்டையில் இதை முயல வேண்டாம்.

1930க்கு முந்தைய தங்க முட்களை எல்லாரும் தேடுவது அவை அழுத்தினால் விரிந்து தடித்த கோடும், விட்டால் மெல்லிய கோடும் தருவதால். ஆங்கிலச் சாய்வெழுத்துக்கு அது அற்புதம். தமிழுக்கு எனக்கு அது ஒத்துவருவதில்லை. நம் எழுத்தின் உயிர் சுழியில் இருக்கிறது. ணகரத்தின் மூன்று சுழியும் இகரத்தின் உட்சுழியும் அடைபடாமல் இருக்க மெல்லிய, உறுதியான முள் வேண்டும். ஜப்பானியரின் ‘கான்ஜி’ எழுத்துகளின் நெருக்கத்துக்காக மெலிதாகத் தேய்க்கப்பட்ட அந்நாட்டு முட்கள், ஒரே அளவெழுத்துப் பொறித்த ஐரோப்பிய முட்களைவிட நுண்மையானவை. தமிழுக்கு அவை நன்றாகப் பொருந்துகின்றன. மை பரவாத தாளும் வேண்டும். தாளில் மை கிளைவிட்டுப் படர்வதற்கு ஆங்கிலத்தில் இறகுபோலாதல் என்று பெயர். அங்கேயும் பறவை விடவில்லை. நாம் மை ஊறுது என்கிறோம். ஊற்றும் ஊறலும் ஒரே வேர்.

முள் என்ற சொல்லுக்கு ஓர் ஊரும் உண்டு. விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர். காராச்சேவுக்கும் வெள்ளரிக்கும் பேர்போன அந்த ஊர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் பேர்போனது. தகட்டை வெட்டி, துளையிட்டு, வளைத்து, பிளந்து, மெருகேற்றும் வேலை அங்கே குடிசைத் தொழிலாக நடந்தது. பந்துமுனைப் பேனா பெருகியதும் தொழில் சுருங்கியது. தகட்டு வெட்டுக்கு, பிளவுக்கு, மெருகுக்கு, கழிவுத் தகட்டுக்கு என்று அந்தப் பட்டறைகளில் தனித்தனிப் பெயர்கள் புழங்கியிருக்கும். அகராதிகளில் அவற்றுக்கு இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை. உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ அந்த வேலை பார்த்த பெரியவர்கள் இருந்தால், அருகில் உட்கார்ந்து ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு செயலுக்கும் அவர்கள் சொன்ன பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். முடிந்தால் மைப் பேனாவாலேயே எழுதுங்கள்.