நிலவறையில் ஒரு சோதனைக்கூடம்

வைரஸ் ஆராய்ச்சிக்கூடம் என்றதும் உங்கள் மனக்கண் முன் என்ன தோன்றுகிறது? பளபளக்கும் கருவிகளும் வெள்ளை அங்கி அணிந்த அறிஞர்களும் நிறைந்த விசாலமான மாளிகை அல்லவா? 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த ஹோவார்ட் டெமின் என்ற 25 வயது இளைஞருக்குக் கிடைத்ததோ ஒரு நிலவறைதான். திசு வளர்க்கும் அறையில் கசிவுநீர் வந்து சேரும் குழி ஒன்று இருந்தது. உயிர்வேதியியல் சோதனை நடத்தும் அறையிலோ, கட்டடம் முழுவதற்கும் நீராவி கொண்டு செல்லும் குழாய்கள் ஓடின. உயிரியலின் அடிப்படைக் கொள்கை ஒன்றை அசைத்த ஆராய்ச்சி தொடங்கியது இந்த இடத்தில்தான்!

டெமின் ஆராய்ந்த வைரஸ் அப்போதே பழையது. 1911-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் பெய்ட்டன் ரௌஸ் என்பவர் ஒரு கோழியின் மார்பில் இருந்த புற்றுக்கட்டியை அரைத்து, பாக்டீரியாவும் புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்த நீரை வேறு கோழிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார். அவற்றுக்கும் புற்று வந்தது. வைரஸ் புற்றுநோயை உண்டாக்கும் என்பதைப் பலரும் நெடுநாள் ஏற்கவில்லை. ரௌஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966-இல். அப்போது அவருக்கு வயது 87. பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பார்கள். ஆனால் வைரஸ் ஆராய்ச்சியாளருக்கு அது கிடையாது போலும்!

இந்த ஆய்வுக்கூடங்களில் அன்றாட வேலை என்ன தெரியுமா? முட்டை உடைப்பதுதான். அடைகாத்த கோழிமுட்டையிலிருந்து கருவை எடுத்து, துண்டு துண்டாக நறுக்கி, டிரிப்சின் என்ற நொதியால் செல்களைப் பிரிக்க வேண்டும். தட்டில் ஊட்டநீர் விட்டு இளஞ்சூட்டில் வைத்தால் செல்கள் ஒற்றை அடுக்காகப் படரும். பிறகு வைரஸைச் சேர்த்து, மேலே அகார் கூழை ஊற்றுவார்கள். வைரஸ் தொலைவாகப் பரவாமல் இது தடுக்கும். வைரஸ் தொற்றிய செல் உருமாறி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகிச் சிறு திட்டாகத் தெரியும். அத்திட்டுகளை நுண்ணோக்கியில் எண்ணினால் எத்தனை வைரஸ்கள் தொற்றின என்று கணக்கிடலாம். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மாணவராக இருந்தபோது, ஹாரி ரூபினுடன் சேர்ந்து 1958-இல் டெமின் வெளியிட்ட முறை இது. அதற்கு முன்பு கோழிகளிலும் கருமுட்டைகளிலும் செய்த சோதனை, இப்போது தட்டுக்குள் அடங்கிவிட்டது. ஆனால் காற்றில் வரும் ஒரு பூஞ்சை விதை போதும், ஒரு வார உழைப்பும் பாழ்!

திட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தவர் ஒன்றைக் கவனித்தார். வைரஸின் ஒரு வகை செல்களை உருண்டையாக்கியது. மற்றொரு வகை நீளமாக்கியது. செல் பிளந்து பெருகியபோது அந்த மாறுதல் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. அப்படியானால் வைரஸின் மரபுச் செய்தி செல்லின் மரபோடு கலந்திருக்க வேண்டும் அல்லவா? சிக்கல் எங்கே என்றால், இந்த வைரஸில் இருப்பது ஆர்.என்.ஏ.; செல்லின் மரபுப்பொருளோ டி.என்.ஏ. செய்தி டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ.வுக்கும், அதிலிருந்து புரதத்துக்கும் செல்லும் என்பதே அன்றைய பாடம். எதிர்த்திசையிலும் அது செல்கிறது என்று டெமின் 1964-இல் சொன்னார்.

யாரும் நம்பவில்லை. நம்பாதவர்களை நாம் மூடர்கள் என எண்ணிவிடக் கூடாது. டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உண்டாவதைத் தடுக்கும் ஆக்டினோமைசின் என்ற மருந்து, இந்த வைரஸின் பெருக்கத்தையும் தடுத்தது. இதுதான் டெமினின் முக்கியச் சான்று. ஆனால் அம்மருந்து செல்லுக்கே நஞ்சு. வைரஸ் பெருகாததற்கு அதுவே காரணமாக இருக்கலாமே! செல்லில் வைரஸின் டி.என்.ஏ. இருப்பதாகக் காட்டிய அவருடைய மற்றச் சோதனைகளும் வலுவற்றவையே. கருத்து சரி, ஆதாரம் போதாது. ஆறு ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

ஜப்பானிலிருந்து வந்த சதோஷி மிசுதானி அவரோடு சேர்ந்தபின் வழி பிறந்தது. தொற்றிய செல் புதிய புரதம் எதையும் செய்ய இயலாதபோதும் வைரஸின் டி.என்.ஏ. உருவாகிறது என்று கண்டார்கள். அப்படியென்றால் தேவையான நொதியை வைரஸ் தன்னோடே கொண்டு வருகிறது! வைரஸைச் சலவைப்பொருள் போன்ற ஒன்றால் உடைத்து, டி.என்.ஏ.வின் கூறுகளைக் கதிரியக்க அடையாளமிட்டுச் சேர்த்தார்கள். டி.என்.ஏ. உருவாயிற்று. ஆர்.என்.ஏ.வை முன்னதாகவே அழித்துவிட்டுச் செய்தபோது உருவாகவில்லை. இதைவிட எளிய சான்று வேண்டுமா?

1970 மே மாதம் ஹூஸ்டன் மாநாட்டில் டெமின் இதை அறிவித்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் பால்டிமோர், எலியின் வைரஸைக் கொண்டு தனியே அதே முடிவுக்கு வந்திருந்தார். இருவர் கட்டுரைகளும் ஜூன் 27 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் அடுத்தடுத்து வெளியாயின. செய்தி புரதத்திலிருந்து திரும்பாது என்பதே தன் கூற்று, ஆர்.என்.ஏ.விலிருந்து திரும்பலாம் என்பதைத் தான் மறுத்ததில்லை என்று பிரான்சிஸ் கிரிக் அதே ஆண்டில் விளக்கம் எழுதினார். பாடநூல்கள்தாம் அவரைவிடக் கண்டிப்பாக இருந்திருக்கின்றன!

1975-இல் டெமின், பால்டிமோர், டெமினின் ஆசிரியரான டல்பெக்கோ ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. விருந்தில் பேசிய டெமின், புகைப்பதை நிறுத்தினால் தடுக்கக்கூடிய புற்றுநோயை மக்கள் தடுக்காதிருப்பதைக் கடிந்துரைத்தார். புகைக்காத அவரே நுரையீரல் புற்றுநோயால் 1994-இல், 59-ஆம் வயதில் இறந்தார். மாடிசன் நகரில் அவர் சைக்கிளில் சென்ற ஏரிக்கரைப் பாதைக்கு இன்று அவர் பெயர்.

'தலைகீழ்ப் படியெடுப்பி' எனப்படும் அந்த நொதி 1983-இல் மீண்டும் உலகின் கவனத்துக்கு வந்தது. எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான வைரஸும் இவ்வினத்தைச் சேர்ந்ததே என்று அறிய அதுவே துணையாயிற்று. பின்னர் வந்த எய்ட்ஸ் மருந்துகள் பலவும் அந்த நொதியையே முடக்குகின்றன. 2020-இல் கொரோனா பரிசோதனைக்காக உங்கள் மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்திருப்பார்களே, நினைவிருக்கிறதா? 'ஆர்.டி.பி.சி.ஆர்.' என்ற அந்தச் சோதனையின் முதல் இரண்டு எழுத்துகள் குறிப்பது, நிலவறையில் தொடங்கிய தேடலின் முடிவில் கிடைத்த இந்த நொதியின் வேலையைத்தான்.