தோர்ணக்கலுக்குப் போன திருநெல்வேலிக்காரர்

1910 ஜூன் மாதம் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. சுமார் 1,200 பேராளர்கள். அதில் ஆசியர்களை ஒரு வகுப்பறையில் உட்கார வைத்துவிடலாம். அவர்களில் ஒருவர் எழுந்து, வெள்ளைக்கார மிஷனெரிக்கும் உள்ளூர் ஊழியருக்கும் இடையே உண்மையில் என்ன உறவு இருக்கிறது என்று கேட்டார். சம்பளம் தருகிறீர்கள், மேற்பார்வை செய்கிறீர்கள், ஆனால் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை, உங்கள் மேசைக்கு எங்களைக் கூப்பிடுவதுமில்லை என்பது அவர் பேச்சின் சாரம். உங்கள் பொருளும் தியாகமும் வந்து சேர்ந்தன, இனி நட்பு வேண்டும் என்று முடித்தார். அரங்கில் சிலருக்குக் கோபம்.

பேசியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. வயது 35. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்கிற பனங்காட்டு ஊர்க்காரர்.

இவரை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் பாகான் டாலாம்தான். பட்டர்வொர்த் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் பக்கத்து இளைஞர்கள் பள்ளி விடுமுறை வந்தால் 'மிஷன் ட்ரிப்' கிளம்புகிறார்கள். கம்போடியா, வடக்குத் தாய்லாந்து என்று போய், ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி, போர்வை, மருந்து கொடுத்துவிட்டு வருவார்கள். நான் பொறியாளன் என்பதால், தண்ணீர் வடிகட்டி பொருத்தணும் என்றால் மட்டும் கூப்பிடுவாங்க. நல்ல காரியம்தான், கேலி செய்யவில்லை. ஆனால் திரும்பி வந்து காட்டும் படங்களில் குழந்தைகள் இருக்கும், பெயர்கள் இருக்காது. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் அந்தப் படத்தில் நின்றது நம் ஆட்கள்தானே?

அசரியாவின் ஊருக்கும் இதே கதைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க மிஷன் பணத்தில் பள்ளியும் கோயிலும் பெற்ற மக்கள் அவர்கள். 1902இல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் செலவிலேயே கடல் தாண்டி தமிழகத்தின் தொண்டிப் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அது அவரைக் குத்தியிருக்க வேண்டும். மறு வருடமே, 1903 பிப்ரவரி 12 அன்று, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. ஆள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பதுதான் விதி. வெளிநாட்டுக் காசு கூடாது. பனையேறிக் குடும்பங்களிலிருந்து வந்த ஒரு சபை, தானே கொடுக்கிறவனாக மாறியது.

அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் நிஜாமின் ஹைதராபாத் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல். திருநெல்வேலிக்காரனுக்கு அது வேறு அரசு, வேறு மொழி, வேறு சாப்பாடு. வெளிநாடு மாதிரிதான். அங்கே சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா சாதிக் கூலிகள். அசரியா அதுவரை ஒய்.எம்.சி.ஏ.வின் செயலாளர், ரயிலில் ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவர். மற்றவர்களை அனுப்பிவிட்டு மேடையில் நிற்க முடியவில்லை போல. 1909இல் குருப்பட்டம் பெற்று, மனைவி அன்புவோடு அங்கேயே குடியேறினார். முப்பதைத் தாண்டிய வயதில் தெலுங்கு படித்து, மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாக அலைந்தார். எடின்பரோவில் அவர் கேட்டது இந்த அனுபவம் தொடங்கிய அடுத்த வருடத்தில். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவரைத் தோர்ணக்கலின் பேராயராக்கினார்கள். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர்.

அவரைப் புனிதராக்க நான் இதை எழுதவில்லை. பேராயரின் அதிகாரம் அதிகாரம்தான், தெலுங்குக் கூலிகளுக்குத் தமிழரும் வெளியாள்தான். 1930களில் ஒடுக்கப்பட்டோரின் மதமாற்றம் குறித்துக் காந்தியோடு அவருக்குக் கடும் கருத்து மோதல் இருந்தது. ஏழையின் பசியைக் காட்டி மதம் மாற்றுகிறீர்கள் என்ற காந்தியின் சந்தேகத்தைச் சுலபமாக ஒதுக்க முடியாது. ஆனால் அந்த மக்கள் தங்களுக்காகத் தாங்களே முடிவெடுக்கத் தெரியாதவர்கள் என்ற தொனியும் அதில் இருந்தது. அதை அசரியா ஏற்கவில்லை. இந்த ஓர் இடத்தில் நான் அசரியா பக்கம்.

இன்னொரு விஷயம் எனக்கு முதலில் உறுத்தியது. தோர்ணக்கலின் கூலிகளையும் காணிக்கை கொடுக்கச் சொன்னார் அவர். கொடுப்பதைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். அரை வயிற்றுக்காரனிடம் வாங்குவதா? ஆனால் எடின்பரோவில் பேசியதோடு சேர்த்துப் பார்த்தால் விஷயம் வேறு. வாங்க மட்டுமே ஒருவனை வைத்திருந்தால் அவன் எப்போதும் வாசலில்தான் நிற்பான். திருநெல்வேலிக்காரர்களை நிமிர்த்தியது எதுவோ அதையே இவர்களிடமும் கேட்டார். அறுவடை முடிந்ததும் தோர்ணக்கல் கிராமங்களில் தானியமும் கோழியும் காணிக்கையாக வந்தன. அவற்றைத் தலையில் சுமந்து கோயிலுக்குள் நுழைந்தவர்கள், அந்த ஊர்ப் பெரியவீடுகளின் முற்றத்தில்கூடக் கால் வைக்க முடியாதவர்கள்.